மாத்திரை இலவசம்தான், அப்புறம் ஏன் விட்டுப்போகிறது?

உங்கள் கேள்வியை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஐந்து வருடம் ஆகிறது. மாத்திரை இலவசம், நாளுக்கு ஒன்றுதான். அப்படியும் மாதத்தில் நாலைந்து நாள் விட்டுவிடுகிறார், ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார். மருந்து வாங்கப் போன இடத்தில் ஒருவர், "படிப்பில்லாதவங்க, கஷ்டப்பட்ட குடும்பத்துக்காரங்க இப்படித்தான், ஆராய்ச்சியிலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது: இது அண்ணனுடைய குணமா, அவருடைய நிலைமையா? குணம் என்றால் அவரோடு சண்டை போடலாம். நிலைமை என்றால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. ஏ.ஆர்.டி. மருந்து, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் மருந்து, எடுப்பவர்களுக்குக் கவுன்சலராகப் பதினாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மருந்து பற்றிக் கீழே சொல்லப்போவதெல்லாம் எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொள்ளும் விஷயங்கள். மனிதர்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் என் அறையில் உட்கார்ந்து பார்த்தது. அதில் ஒரு ஓட்டை உண்டு. என் அறைக்கு வருகிறவர்களை மட்டுமே எனக்குத் தெரியும். வராமலே நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள் என்பதை அவர்கள் வாயால் நான் கேட்டதில்லை, அவர்கள்தான் இருப்பதிலேயே அதிகம் சிரமப்பட்டவர்களாகவும் இருந்திருப்பார்கள். உங்கள் அண்ணனையும் நான் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அந்த "ஆராய்ச்சியிலேயே இருக்கு" விஷயம். அதில் பாதிதான் உண்மை. வருமானம், படிப்பு, வேலை இவற்றுக்கும் எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காக எடுப்பதற்கும் தொடர்பு உண்டா என்று பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2008இல் வந்தது. கையில் காசும் கொஞ்சம் படிப்பும் இருப்பவர்கள் ஓரளவு ஒழுங்காக எடுக்கிறார்கள் என்கிற சாய்வு அதில் தெரிந்தது. ஆனால் அடித்துச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. சில ஆய்வுகளில் தொடர்பு இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. "ஏழைகள் என்றாலே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அந்த ஆராய்ச்சி அவர் சொல்லும் அளவுக்குச் சொல்லவில்லை என்பதுதான் பதில்.

இதைவிடச் சுவையான கதை ஒன்று உண்டு. ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்த மருந்தைக் கொண்டுபோகலாமா என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்த 2001ஆம் ஆண்டில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்காவில் பலர் வாழ்நாளில் கடிகாரமே பார்த்ததில்லை, அவர்களால் நேரத்துக்கு மாத்திரை எடுக்க முடியாது என்கிற பொருளில் பேசினார். அப்போதைய மருந்துகளுக்கு நேரக் கணக்கு முக்கியம், ஒரு நாளைக்குக் கைநிறைய மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. ஐந்து வருடம் கழித்து, 2006இல், இரண்டு கண்டங்களின் ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தார்கள். போதுமான அளவு ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம். கடிகாரம் வைத்திருந்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நியாயமாக இதற்கும் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும்: இவற்றில் பல ஆய்வுகள் நோயாளிகள் தாங்களே சொன்ன கணக்கை நம்பியவை, அந்தக் கணக்கு எப்போதும் உள்ளதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஏழ்மைக்கும் அசட்டைக்கும் முடிச்சுப் போட்டவர்களுக்கு அது சரியான அடிதான்.

சரி, அப்படியானால் வறுமைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. நைஜீரியா, தான்சானியா, உகாண்டா மூன்று நாடுகளில் நோயாளிகளோடு உட்கார்ந்து விரிவாகப் பேசிப் பார்த்த ஒரு ஆய்வு 2009இல் வந்தது. அங்கே மருந்தை விடாமல் எடுத்தவர்களும் ஏழைகள்தான். பஸ்ஸுக்குக் கடன் வாங்கினார்கள், வேறு செலவை நிறுத்திவிட்டு மருந்துக்குப் போனார்கள், உதவி செய்த சொந்தக்காரர் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும் என்பதற்காகவே மாத்திரையை விடாமல் எடுத்தார்கள். அதாவது, இல்லாத பணத்துக்குப் பதிலாக அவர்கள் உறவைச் செலவழித்தார்கள். ஏழ்மை தனியாக வந்தால் ஒரு மனிதர் எப்படியோ சமாளிக்கிறார். ஏழ்மையோடு யாரிடமும் சொல்ல முடியாத நிலையும் சேர்ந்துகொண்டால்தான் மாத்திரை விட்டுப்போகிறது. நான் பார்த்தவரையிலும் அப்படித்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. ஆரம்ப வருடங்களில் நான் எல்லோரிடமும் "ஏன் விட்டீங்க?" என்றுதான் கேட்பேன். எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள்: "மறந்துட்டேன்." நானும் ஃபாரத்தில் 'மறதி' என்று எழுதி, அலாரம் வைக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். மூன்று மாதம் தொடர்ந்து 'மறந்த' ஒரு பெண்ணிடம் கடைசியில் பொறுமை இழந்து கத்தியும்விட்டேன். பக்கத்தில் இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் என்னை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணிடம், "விட்டுப்போன அன்னிக்கு ராத்திரி எங்கம்மா படுத்திருந்தே?" என்று கேட்டார். நாத்தனார் வீட்டில். நான்கு நாள் தங்கல், ஒரே அறை, ஆறு பேர். அந்தப் பெண் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். உள்ளே மாத்திரைகளுக்கு மேல் பஞ்சு திணித்திருந்தது. பையைத் தூக்கும்போது மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக. இவ்வளவு யோசித்துப் பஞ்சு வைத்த ஒருவரைத்தான் நான் மறதிக்காரி என்று எழுதி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு 'ஏன்' என்று கேட்பதை விட்டுவிட்டேன். எந்த நாள், எந்த நேரம், எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்பேன். 'மறந்துட்டேன்' என்பது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்லும் பதில். நிஜமாகவே மறப்பவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு அலாரம் வைத்ததும் பிரச்சினை தீர்ந்துவிடும். அலாரம் வைத்தும் தீராதவர்களுக்கு அலாரமே பிரச்சினையாக இருக்கலாம்: தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு எதற்கு இந்த மணி அடிக்கிறது என்று கேட்க வீட்டில் ஆள் இருக்கும்.

அடுத்தது சாப்பாடு. இது பலருக்குத் தோன்றாது. "சாப்பிட்ட பிறகு போட்டுக்கோங்க" என்று மருந்து கொடுப்பவர் பழக்க தோஷத்தில் சொல்லிவிடுவார். வீட்டில் ராத்திரி சாப்பாடு இல்லாத நாளில் அந்த ஒரு வாக்கியமே மாத்திரையை நிறுத்திவிடும். சொன்னதை அப்படியே கேட்கிறவர்தான் அன்றைக்கு மருந்தை விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். இந்த மாத்திரை பசியைக் கிளப்புகிறது, வெறும் வயிற்றில் போட்டால் தாங்க முடியவில்லை என்று உகாண்டாவில் பலர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள், என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் முதல் மருந்தாக இருக்கும் டோலுடெக்ராவிரைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், சாப்பாடு இல்லாமலும் எடுக்கலாம். ரில்பிவிரின், டாருனாவிர், அட்டசனாவிர் போன்றவை அப்படியில்லை, அவை உணவோடுதான் சரியாக உடலில் சேரும். எஃபாவிரென்ஸை மாறாக வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வார்கள். அதனால் அண்ணன் எடுக்கும் மாத்திரையின் பெயரைப் பார்த்து, "சாப்பிடாத நாளில் இதைப் போடலாமா?" என்று நேராகவே கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு 'போடலாம்' என்று பதில் கிடைத்ததிலேயே மாதத்தில் மூன்று நாள் மிச்சமானவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சத்து மாத்திரை, அல்சருக்கான மருந்து ஏதாவது கூட எடுக்கிறாரா என்று. இரும்பு, கால்சியம், அமிலத்தை அடக்கும் சில மருந்துகள் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அவற்றுக்கு நேர இடைவெளி வேண்டும்.

மூன்றாவது, மருந்து வாங்கப் போகும் நாள். மாத்திரைக்குக் காசு இல்லை, ஆனால் அந்த நாளுக்குக் கூலி போய்விடும். நிரந்தர வேலையில் இருப்பவர் லீவு போடுவார். தினக்கூலிக்காரர் முதலாளியிடம் மாதாமாதம் என்ன காரணம் சொல்வார்? ஒரு நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போனதால் திட்டு விழும் என்று இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுவார். அதற்குள் ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே 'டிஃபால்ட்டர்' என்று எழுதியிருப்பார்கள். கடன் கட்டாதவரைச் சொல்கிற வார்த்தை அது, யார் இங்கே கொண்டுவந்தார்களோ. இதற்கு நிஜமாகவே வேலை செய்யும் தீர்வு இருக்கிறது. உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று சேர்த்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008இல் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார்கள்: ஆறு பேர் வரை ஒரு குழு, மாதத்துக்கு ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கி வருவார். ஆறு பேருக்கும் ஆறு நாள் போவதற்குப் பதிலாக ஒரு நாள். தவிர, போய் வந்தவர் மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் எட்டிப்பார்த்தாக வேண்டும், அதனால் யாரும் சத்தமில்லாமல் காணாமல் போக முடியாது.

மனச்சோர்வும் குடியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரையை விடவைக்கும் என்பதில் சந்தேகமில்லை, அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. குடியில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பலர் போதையில் மறந்து விடுவதில்லை, 'குடித்த வயிற்றில் இந்த மாத்திரை விஷமாகிவிடும்' என்று பயந்து வேண்டுமென்றே விடுகிறார்கள். குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் குடித்த நாளிலும் மாத்திரையைப் போடுவதுதான் விடுவதைவிட நல்லது என்பதை யாராவது ஒருவர் அவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இனி உறுதியாகத் தெரிந்த பகுதி. மாதத்தில் நாலைந்து நாள் என்றால் 85 சதவீதம் எடுக்கிறார் என்று அர்த்தம். 95 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அந்த எண் 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்விலிருந்து வந்தது, அன்றைக்கிருந்த பழைய மருந்துகளுக்கானது. இன்றைய மருந்துகள் கொஞ்சம் பொறுத்துப்போகும். டோலுடெக்ராவிர் எடுப்பவர்களில் 85 சதவீதம் எடுத்தும் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, அடங்கியே இருப்பவர்கள் நிறைய. ஆனால் இங்கே ஒரு நாள், அங்கே ஒரு நாள் என்று விடுவதும் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் விடுவதும் ஒன்றல்ல. சேர்ந்தாற்போல் விடுவதுதான் ஆபத்து. முக்கியமாக எஃபாவிரென்ஸ் போன்ற மருந்து ரத்தத்திலிருந்து இறங்க நாள் கணக்கில் ஆகும், கூட எடுத்த லாமிவுடின் அதற்கு முன்பே இறங்கிவிடும். மிச்சமிருக்கும் ஒற்றை மருந்தோடு வைரஸ் தனியாக மோதும்போதுதான் ரெசிஸ்டன்ஸ், அதாவது மருந்து எதிர்ப்பு, உருவாகிறது. மருந்தை முழுசாக நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வைரஸ் திரும்ப ஏறிவிடும். 'உடம்பு தேறியதும் நிறுத்திப் பார்ப்போம், நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் குறைந்தால் மறுபடி தொடங்கலாம்' என்ற யோசனையை ஒரு பெரிய ஆய்வு சோதித்தது. 2006இல் வந்த முடிவு, நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களுக்கு நோயும் சாவும் இரண்டு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. அந்த விவாதம் அதோடு முடிந்தது.

அதனால் அண்ணன் எவ்வளவு விடுகிறார் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வைரல் லோடு கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். வாய்க் கணக்கு பொய்யாகலாம். மாத்திரை எண்ணிக்கையும் பொய்யாகலாம்: எண்ணுவார்கள் என்று தெரிந்தால் முந்தின நாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு, குறை சொல்ல மாட்டேன், திட்டுக்குப் பயந்து செய்வது அது. ரத்தம் மட்டும் பயப்படாது. வைரல் லோடு ஏறியிருந்தால் அதுவே மருந்து எதிர்ப்பு என்று முடிவுகட்டிவிடக்கூடாது. விடாமல் எடுக்கவைத்து, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும், நிறுத்திப் பல வாரம் கழித்துச் செய்தால் இருக்கும் எதிர்ப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

சந்தேகமான பகுதி, எது உதவும் என்பது. பணம் கொடுத்தால் சரியாகுமா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள்: வைரல் லோடு அடங்கியிருந்தால் பரிசு அட்டை. 2017இல் வந்த முடிவில் கிடைத்த முன்னேற்றம் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. பணம் தேவைப்படாமல் இல்லை. ஆனால் வீட்டில் மறைத்து வாழ்கிறவருக்கு அந்த அட்டை ஒன்றும் செய்துவிடாது என்று நான் நினைக்கிறேன். கென்யாவில் செய்தது எனக்குப் பிடித்தது, 2010இல் வெளியானது. வாரத்துக்கு ஒரு எஸ்.எம்.எஸ்., 'எப்படி இருக்கீங்க?' என்று சுவாஹிலியில் ஒரே சொல். 'நல்லா இருக்கேன்' அல்லது 'பிரச்சினை' என்று 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். பிரச்சினை என்றாலோ பதிலே வராவிட்டாலோ நர்ஸ் போன் செய்வார். மருந்து என்ற வார்த்தையே அதில் கிடையாது, போனை யார் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு வருடத்தில் வைரல் லோடு அடங்கியவர்கள் 57 சதவீதம், எஸ்.எம்.எஸ். வராதவர்களில் 48. பெரிய அற்புதம் இல்லை, ஆனால் மலிவு. பிற இடங்களில் இதைப் போலவே செய்தபோது சிலவற்றில் பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை.

ஊசி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கபோடெக்ராவிர், ரில்பிவிரின் இரண்டையும் சேர்த்துப் போடும் ஊசிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். மாத்திரை டப்பாவை ஒளிக்க வேண்டியவருக்கு அது பெரிய விடுதலை. கூலி போகும் பிரச்சினை உள்ளவருக்கு அவ்வளவு இல்லை, சொன்ன தேதிக்கு அங்கே போய்த்தான் ஆக வேண்டும். எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது: மருந்து நேரத்தில் அவரைக் கண்காணிக்காதீர்கள். நன்றாக இருக்கும் ஒரு பொழுதில், "போன தடவை விட்டுப்போன அன்னிக்கு எங்கண்ணா இருந்தே?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேலை இடத்தில் என்றால் மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம், பல மருந்துகளுக்கு முடியும். வெளியூர் தங்கல் என்றால் அந்த நாட்களுக்கான மாத்திரையைச் சின்ன டப்பாவில் தனியாகக் கொடுத்தனுப்பலாம். மிச்சத்தைப் பழைய டப்பாவிலேயே, ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்னப் பொட்டலத்தோடு வையுங்கள். விட்டுப்போனது ஞாபகம் வந்ததும் ஒன்று போட்டுக்கொள்ளட்டும், மறுநாள் சேர்த்து இரண்டு போடக்கூடாது. தன்னால் இன்னொருவருக்கு வந்துவிடும் என்ற பயமோ வெறுப்போ அவருக்குள் இருந்தால், வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருக்கும்வரை உடலுறவில் இன்னொருவருக்குத் தொற்றாது என்பதை அவர் அறிந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான தம்பதிகளைக் கவனித்துத் தெளிவான விஷயம் அது. பத்து வருடமாக மருந்து எடுத்தும் இதை யாரும் சொல்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெறுத்துப்போய் மொத்தமாக நிறுத்தப் போவதாகச் சொன்னால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்களா என்று அங்கே கேளுங்கள், ஏனென்றால் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் மோசமாக வீங்கலாம். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது கூடவே போய், மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அன்றைக்கு வரிசையில் நிற்கும் வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.